புரட்டாசியில் நிறுத்திய மாத்திரை

திருமலைசாமிக்கு நோய் இருப்பது தெரிய வந்ததே அவர் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான். பட்டறை ஃபிட்டர் ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன். ரத்தம் வேண்டுமென்றதும் முதலாளியே முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினார். நாலாம் நாள் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு அனுப்பி, "உங்க ரத்தம் ஆகாதுங்க, நல்ல டாக்டராப் போய்ப் பாருங்க" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டி ஐந்து லேத் போட்டு, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவர் அவர். ஐம்பது வயது ஆகப்போகிறது. காபியைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. அதனால் கோயமுத்தூரில் டாக்டர் பாலகோபால் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, ஈரல் சொரசொரப்பாகிவிட்டது என்று சொன்னபோது அவர் மனைவி ரங்கநாயகிக்குக் கோபம்தான் வந்தது.

"இவரு பாட்டிலைக் கையால தொட்டது இல்லீங்க. குடிக்கறவங்களுக்குத்தான ஈரல் போகும்?"

"குடிக்காதவங்களுக்கும் போகுமுங்க. இது கிருமி. ஹெபடைட்டிஸ் பி-ங்கறது. பெரும்பாலும் பொறக்கறப்பவே அம்மாகிட்ட இருந்து வந்துரும். வந்தது தெரியாது. முப்பது நாப்பது வருஷம் சத்தமில்லாம உள்ளயே இருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் திருமலைசாமி ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடியலூர் தாண்டிய பிறகு, "எங்கம்மா வயிறு வீங்கித்தான் செத்தா, ரங்கா. அப்ப நான் எட்டாவது படிச்சிட்டு இருந்தேன்" என்றார்.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் மாத்திரை ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஊசி ஒன்றுதான் இருந்ததாம். வாரத்துக்கு மூன்று, ஆளைப் போட்டு அடித்துவிடும் என்றார் டாக்டர். இந்த மாத்திரை வேறொரு நோய்க்கென்று வந்தது. இந்தக் கிருமியையும் அடக்குகிறது என்று வெளிநாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அடக்குமுங்க, அழிக்காது" என்று டாக்டர் ரங்கநாயகியைப் பார்த்துத்தான் சொன்னார். மாத்திரை கொடுக்கப் போவது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "அதனால ஒண்ணு மட்டும் நல்லாக் கேட்டுக்கங்க. ஒடம்பு நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்திறக் கூடாது. நிறுத்துனா அடங்கிக் கெடந்தது ஒரேயடியா எந்திரிச்சுக்கும். அப்புறம் எங்க கையில இல்லீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும். வீட்டுல எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும்."

ரங்கநாயகி அன்றே கையை நீட்டினாள். அவளுக்கு அந்தக் கிருமி எப்போதோ வந்து தானாகவே போயிருந்தது. இனி வராது என்றார்கள். மகள் ஹேமலதாவுக்குக் காலேஜில் கடைசிப் பரீட்சை. முடியட்டும் என்று விட்டார்கள். முடிந்ததும் ஜாதகத்தை வெளியே கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பெண்ணை லேபுக்குக் கூட்டிப்போய் அவள் பேரில் ஒரு காகிதத்தை உண்டாக்குவானேன் என்று ரங்கநாயகி நினைத்தாள். கல்யாணம் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரை வேலை செய்தது. எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு கணக்கு. ஈரல் எவ்வளவு நோகிறது என்று அதில் தெரியுமாம். முதலில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது, ஆனியில் எழுபதுக்கு வந்தது, ஆவணியில் முப்பத்து நாலு. "நார்மல்" என்று டாக்டர் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். திருமலைசாமி பழையபடி ரெண்டாவது தடவை சோறு கேட்டார். பட்டறையில் ஆள் வராத அன்று தானே லேத்தில் நின்றார். தினமும் காலையில் டிபன் சாப்பிட்டதும் தட்டு எடுக்கிற கையோடு ரங்கநாயகி மாத்திரையை வைப்பாள். அவரும் என்ன ஏது என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வார்.

புரட்டாசி முதல் வாரத்தில் கருமத்தம்பட்டியிலிருந்து ஹேமலதாவைப் பார்க்க வந்தார்கள். தறிக்காரர்கள், சொந்தமாக நாற்பது தறி. பையன் பேர் சென்னகிருஷ்ணன். அப்பா இல்லை, அந்த வீட்டில் எல்லாமே அம்மா லட்சுமியம்மாள்தான். வந்த அன்று அந்தம்மாள் அதிகம் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க. நாங்க விசாரிச்சுப்போட்டுச் சொல்லியனுப்பறோம்" என்று எழுந்துகொண்டாள். இந்தப் பக்கத்தில் விசாரிப்பது என்றால் சும்மா இல்லை. நாலு தலைமுறைக்குப் போவார்கள்.

அடுத்த வாரம் கோயமுத்தூரில் வழக்கமாக வாங்கும் கடையில் மாத்திரை இல்லை. திருமலைசாமியின் தம்பி நரசிம்மலு காலி அட்டையை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனான். மத்தியானம் திரும்பி வந்தவன் பட்டறைக்குப் போகாமல் நேரே சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான். அண்ணியை அவன் வீட்டுத் தெலுங்கில் 'வதினெ' என்றுதான் கூப்பிடுவான். இப்போது அதுவும் வரவில்லை.

"என்ன நரசிம்மலு, கிடைக்கலயா?"

"கிடைச்சுதுங்க." அட்டையை எடுத்துத் திட்டில் வைத்தான். "கடைக்காரர் யாருக்குன்னு கேட்டாருங்க. அண்ணனுக்குன்னு சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துப்போட்டு, 'இது எய்ட்ஸுக்குக் குடுக்கறதாச்சே'ன்னாரு."

ரங்கநாயகி அடுப்பை அணைத்தாள். "டாக்டரு சொன்னாருல்ல, வேற நோய்க்கு வந்ததுன்னு."

"எந்த நோய்னு சொன்னாருங்களா?"

டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நானும் ஈரலுக்குன்னுதான் சொன்னேனுங்க. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்கன்னு சிரிச்சாரு. அந்த ஆளுக்குச் சொந்த ஊரு சோமனூருங்க, வதினெ. கருமத்தம்பட்டிக்கு ரெண்டு மைலு."

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. நோயைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. டாக்டர் சொன்னது பொய் இல்லை, கட்டிய புருஷனையும் தெரியும். ஆனால் கடைக்காரரின் சிரிப்பை அவள் பார்க்காமலே பார்த்தாள். அது சோமனூருக்குப் போய், கருமத்தம்பட்டி போய், லட்சுமியம்மாளின் காதுக்குள் போவதையும் பார்த்தாள். ஈரல் என்று யாரிடம் போய் எடுத்துச் சொல்வது? சொல்லச் சொல்லத்தானே சந்தேகம் பெருகும்.

பொழுது சாய்ந்து திருமலைசாமி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு என்ன பண்ணோணுங்கற?"

"கல்யாணம் முடியற வரைக்கும் மாத்திரை வேண்டாமுங்க. நாலு மாசம். ரிப்போர்ட்டு நார்மல்னு கோடு போட்டே குடுத்திருக்காரு. தை முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்."

"நிறுத்தக் கூடாதுன்னாரே."

"ஒரேயடியா நிறுத்தச் சொல்லலீங்களே. யாராவது ஊட்டுக்குள்ள வந்து அட்டையைப் பாத்தாங்கன்னா? லேபுல போய் நிக்கறதைப் பாத்தாங்கன்னா? நம்ம புள்ளைக்கு அப்புறம் யாருங்க வருவாங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்து அதைக் கொடியில் போட்டார். "எனக்கும் ஒண்ணும் பண்ணலதான்" என்றார் கடைசியில். மீதி இருந்த அட்டைகளை மறுநாள் காலையில் அவள் வெந்நீர் அடுப்பில் போட்டாள். கார்த்திகையில் பார்க்க வேண்டிய ரத்தத்தையும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் கருமத்தம்பட்டியிலிருந்து சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். ரங்கநாயகி அன்று சாமிக்கு நெய் விளக்கு ஏற்றினாள். தான் செய்தது சரிதான் என்று தன்னிடமே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

தை பதிமூன்றாம் தேதி கல்யாணம். மண்டபம் பார்ப்பது, பத்திரிகை வைப்பது என்று திருமலைசாமி மார்கழி பூராவும் அலைந்தார். சாப்பாடு குறைந்தது. அலைச்சல் என்றார். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவக் குனிந்தவர் எழும்போது தடுமாறினார். நரசிம்மலு பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். பக்கத்தில் செம்புடன் நின்ற ரங்கநாயகி அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தாள். மண்டபத்தின் பின்கட்டுக்கு அவரைக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். மஞ்சள் அப்படியேதான் இருந்தது.

"நாலு நாளா இப்பிடித்தான் இருக்குது. ஒண்ணுக்கும் மஞ்சளாப் போகுது" என்றார் அவர். "மறுவீடு முடியட்டும்."

மறுவீட்டு விருந்து முடிந்தது. பிறகு நரசிம்மலு சொன்னான் என்று ஐந்து நாள் மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். ஆறாம் நாள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். கோயமுத்தூருக்குக் காரில் கொண்டு போனார்கள். சேதி கேட்டு ஹேமலதாவும் சென்னகிருஷ்ணனும் நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள்.

டாக்டர் பாலகோபால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியிருந்தது.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டுட்டு இருந்தாருங்களா?"

ரங்கநாயகிக்கு ஒரு பக்கம் மகள் நின்றாள். மறுபக்கம், புதுப் பட்டுக்கரை வேட்டியில் மாப்பிள்ளை நின்றார்.

"சாப்பிட்டாருங்க" என்றாள்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். கார்த்திகையில் ஏன் வரவில்லை என்று கேட்டார். கல்யாண வேலை என்றாள். மாத்திரைக்குக் கிருமி பழகிவிட்டதா, வேறு ஏதாவது காமாலை மேலே சேர்ந்துகொண்டதா என்று தெரியவில்லை, அதற்கெல்லாம் டெஸ்ட் எழுதுகிறேன் என்று போனார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த திருமலைசாமிக்கு அவள் சொன்னது கேட்டிருக்கும். அவளைப் பார்த்தார். கொஞ்சம் கழித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை டீ வாங்கப் போன நேரம் பார்த்து அவள் டாக்டரின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"மாத்திரையப் புரட்டாசியிலயே நிறுத்திப்போட்டோமுங்க. நான்தான் நிறுத்தினேன்."

ஏன் என்று கேட்டார். சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் திட்டவில்லை.

"தப்பு என்னோடதும்தானுங்க. எந்த நோய்க்கு வந்த மாத்திரைன்னு நானே உடைச்சுச் சொல்லியிருக்கணும். பயந்துக்குவீங்கன்னு சொல்லல" என்றார். நர்ஸைக் கூப்பிட்டு அப்போதே மாத்திரையை எழுதினார்.

"நேத்தே சொல்லியிருந்தா…?"

"ஒரு நாளுல என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

மூன்றாம் நாளிலிருந்து திருமலைசாமிக்கு ஆள் தெரியவில்லை. இல்லாத ஷாஃப்ட்டை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தார். தெலுங்கில் அம்மா எங்கே என்று கேட்டார். ரங்கநாயகியைப் பார்த்தே கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை கேட்பது போலிருந்தது. மூக்கில் குழாய், வயிற்றில் நீர், ஊசி குத்தின இடமெல்லாம் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்தது. மாசி நாலாம் தேதி மத்தியானம் இறந்தார். ஹேமலதாவின் கையில் வைத்த மருதாணி அப்போது பாதிதான் வெளுத்திருந்தது.

உடலை எடுத்துப் போகும்போது டாக்டர் வாசல் வரைக்கும் வந்தார். "பொண்ணுக்கு இன்னும் டெஸ்ட் பண்ணலயில்லீங்க? கட்டாயம் பண்ணுங்க" என்றார். ரங்கநாயகி தலையை ஆட்டினாள்.

ஆட்டினாளே தவிர, சித்திரை முடிகிற வரைக்கும் செய்யவில்லை. முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்தது, பட்டறைச் சாவி நரசிம்மலு கைக்குப் போனது, ஹேமலதா புருஷன் வீட்டுக்குப் போனாள். டெஸ்ட் என்று வாயெடுத்தால் மீதியையும் சொல்ல வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை. பிறகு சித்திரைக் கடைசியில் ஹேமலதா போன் செய்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாளாம்.

ரங்கநாயகி போனை வைத்துவிட்டு டாக்டரின் பழைய சீட்டைத் தேடி எடுத்தாள். மறுநாள் டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போனாள்.

"அம்மாவுக்கு இருந்தா கொழந்தைக்குப் போகும்" என்றார் அவர். "ஆனா பொறந்த சில மணி நேரத்துக்குள்ள ரெண்டு தொடையிலயும் ரெண்டு ஊசி போட்டாப் பெரும்பாலும் தடுத்துறலாம். அதுக்கு முன்கூட்டியே தெரியணுமுங்க. பொறந்த பின்னாடி தெரிஞ்சு பிரயோஜனமில்ல."

காந்திபுரத்தில் பஸ் மாறி அங்கிருந்து நேரே கருமத்தம்பட்டி போனாள். போய் இறங்கும்போது தறிச் சத்தம் தெருவெல்லாம் இருந்தது. ஹேமலதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லட்சுமியம்மாள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். தண்ணீரைக் குடித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னாள். நோயின் பேர், அது வருகிற விதம், ஊசி, கடைக்காரர், மாத்திரை, வெந்நீர் அடுப்பு. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

முதலில் பேசியது லட்சுமியம்மாள்தான்.

"அந்த மாத்திரைச் சங்கதி புரட்டாசியிலயே எங்களுக்குத் தெரியுமுங்க."

ரங்கநாயகி நிமிர்ந்தாள்.

"சோமனூருக்காரரு வந்து சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நானே கோயமுத்தூர் போயி ஒரு டாக்டர்கிட்ட பேரை எழுதிக் காட்டிக் கேட்டேன். ஈரலுக்கும் இப்ப இதைக் குடுக்கறாங்க, அவரு ஈரல் டாக்டர்கிட்டத்தான் போறாருன்னா அதுக்காத்தான் இருக்கும்னாரு. எங்க ஊட்டுக்காரரும் ஈரல்லதான் போனாருங்க, அவரு குடிச்சாரு. குடிக்காத மனுசனுக்கு வந்த சீக்குக்குப் பொண்ணை ஏன் விடோணும்னுதான் சரின்னு சொல்லியனுப்பினேன்." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க நீங்க."

ரங்கநாயகியின் கையில் டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா அதை வாங்கிக்கொண்டாள்.

"நாயனாவுக்குத் தெரியுமா, நான் கேக்காத கல்யாணத்துக்குத்தான் அவரு மாத்திரைய விட்டாருன்னு?"

"கண்ணு…"

"நான் எம்.எஸ்ஸி. படிக்கறேன்னுதானம்மா சொன்னேன்."

டம்ளரோடு உள்ளே போனாள். ரங்கநாயகி பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை.

டெஸ்டில் ஹேமலதாவுக்குக் கிருமி இருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை. மாத்திரை இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் என்றார் டாக்டர். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டாள். இருக்கிற வரைக்கும் என்றார். சென்னகிருஷ்ணனுக்கு இல்லை; அவருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவ்வளவு விவரம் கேட்டுச் சம்மதம் சொன்ன லட்சுமியம்மாள், மருமகளுக்கும் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். தட்டில் ஒட்டாது என்று டாக்டர் சொன்னாரே என்று மகன் கேட்டதற்கு, "சொல்லட்டும்" என்றாளாம். ஐந்தாம் மாதமே ஹேமலதா பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்துவிட்டாள். அம்மாவிடம் வேண்டிய வார்த்தை மட்டும் பேசினாள். சாப்பிட்டாயா என்றால் ஆச்சு. வலிக்கிறதா என்றால் இல்லை.

ஐப்பசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு ஊசிகளில் ஒன்று ஊரில் கிடைக்காது. ரங்கநாயகி ஒரு வாரம் முன்பே கோயமுத்தூர் போய் ஐஸ் பெட்டியில் வாங்கிக் கொண்டுவந்து நர்ஸிங் ஹோம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். நர்ஸ் மறந்துவிடுவாள் என்று பயந்து, பிரசவ அறைக் கதவை மூன்று தடவை தட்டி ஞாபகப்படுத்தினாள். குழந்தை பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு தொடையிலும் போட்டார்கள். பலித்ததா என்று தெரிய ஒரு வருஷம் ஆகும். ஐந்தாம் நாள் லட்சுமியம்மாள் வந்தாள். குழந்தையைத் தூக்கவில்லை. மூக்கு தன் மகனுடையது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்கழியில் குழந்தைக்கு அடுத்த தவணைத் தடுப்பூசி போடவும் ஹேமலதாவுக்கு ரத்தம் பார்க்கவும் நாள் வந்தது. "நானே போயிக்கறேன்" என்றாள் ஹேமலதா. சரி என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினாள். லேபில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஹேமலதா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், போகச் சொல்லவில்லை.

பேரைக் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கிறவர் ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "கொழந்தைய யாராவது வாங்கிக்கங்க" என்றார். சுற்றிலும் தெரியாத முகங்கள். ஹேமலதா கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுந்து வந்து குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"தலையப் புடிச்சுக்க" என்றாள். போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.